இதுல தண்ணி நிக்காதா?

ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். கடிதம் என்றால் பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது. அடுத்த வீட்டுக்கு வந்த தபாலையே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பயல்தானே நீ.

முதலில் அப்பா விஷயம். பதறாமல் படி. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறார். ஸ்டூல் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எங்கள் மருத்துவமனையில்தான் ஆபரேஷன் ஆனது, நல்லபடியாக முடிந்தது. எக்ஸ்ரே படத்தை நானே எடுத்தேன். மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு, "இந்த ரூம் ஏசி தண்ணி எங்க போய் விழுது?" என்று கேட்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கொசு ஒழிப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியும் கொசு ஆபீசர் இன்னும் கொசு ஆபீசர்தான்.

இப்போது மூன்றாம் மாடியில், எலும்புப் பிரிவில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். அந்த ஜன்னலுக்கு நேர் கீழே நடுமுற்றம். நடுமுற்றத்தில் நீ செய்த சிலை.

இரண்டாவது விஷயம் இதுதான். மழை தொடங்கியதிலிருந்து உன் சிலையின் உச்சியில், அந்தப் பெரிய குழிவில், தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஆஸ்பத்திரிக்கு நடுவில் கொசுப் பண்ணை என்று எழுத்து மூலமாகப் புகார் போயிருக்கிறது. நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒன்று, செய்தவர் வந்து அதில் ஒரு துளை போட்டுத் தண்ணீர் வடிய வைக்க வேண்டும். இல்லையென்றால் செப்டம்பர் பாதியில் கிரேன் வைத்துப் பெயர்த்து ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் போட்டுவிடுவார்கள். உன்னைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறாயாமே. அந்த அளவுக்கு விவரமாகத்தான் இருந்திருக்கிறாய்.

புகார் கொடுத்தது யார் என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்.

கோபத்தில் இதைக் கிழித்துப் போடுவதற்கு முன் பதில் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

கிழிக்கவில்லை. சிரிப்புதான் வந்தது. அவரைத் தவிர வேறு யார் கொடுத்திருக்க முடியும்?

திறப்பு நாள் உனக்கு நினைவிருக்கும். பந்தல், நாற்காலி, மைக், டாக்டர்கள், ஓவியக் கல்லூரி முதல்வர். திரையை விலக்கினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் எழுந்து வந்து, ஒரு சுற்று சுற்றி, தலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, அத்தனை பேருக்கு நடுவில் என்னிடம் கேட்டார்: "இதுல தண்ணி நிக்காதா?"

வேறு ஒரு வார்த்தை இல்லை. நன்றாக இருக்கிறது, இல்லை, புரியவில்லை, ஏன் இப்படிச் செய்தாய், எதுவும் கேட்கவில்லை. நான் ஒன்றரை வருஷம் தோள்பட்டை கழல அடித்தது அவர் கண்ணுக்கு ஒரு பழைய டயர் மாதிரி தெரிந்திருக்கிறது. கூட்டம் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். முன்வரிசையில் இருந்தாய், பார்த்தேன்.

சின்ன வயதில் நான் தகரத்தில் படகு செய்து பின்கட்டுத் தொட்டியில் விட்டு வைப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தொட்டியை அவர் கவிழ்த்திருப்பார், படகு சாக்கடை ஓரத்தில் கிடக்கும். அதற்கு எனக்கு அவர் வைத்த பேர்தான் 'தகரம்'. இன்றைக்கும் அவருக்கு நான் அதுதான்.

துளை போட மாட்டேன். அந்தக் குழிவு ஒரே தகடு. மணல் மூட்டை மேல் வைத்துச் சுத்தியலால் உள்ளிருந்து அடித்து அடித்து எடுத்தது. முழு வேலையிலும் ஒட்டுப்போடாத இடம் அது ஒன்றுதான். அதில் போய் ஓட்டை போடுவதற்குப் பதில் ஷெட்டுக்குப் பின்னால் கிடக்கட்டும்.

அப்புறம், அதைச் சிலை என்று எழுதாதே. சிலை என்றால் யாருக்காவது வைப்பது. இது யாருக்கும் வைத்ததில்லை. நீ அதை ஒரு நாளாவது நின்று பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்.

இடுப்பில் எந்தப் பக்கம்?

தம்பி


ஆகஸ்ட் 13

தம்பிக்கு,

இடது பக்கம். கடைசி வரியிலாவது கேட்டாயே.

ஆமாம், சிரித்தேன். சிரிப்பு வந்தது, சிரித்தேன். அதற்காக நீ இரண்டு வருஷம் வீட்டுப் பக்கமே வராமல் இருப்பாய் என்று யாருக்குத் தெரியும்? இனிமேல் சிரிப்பு வந்தால் உனக்குத் தந்தி அடித்து அனுமதி கேட்கிறேன்.

நின்று பார்த்ததில்லை என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் சுருக்கென்றது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன், பார்த்ததில்லைதான். அதனால் நேற்று சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த முறையில் பார்த்தேன். எங்கள் தொழிலில் ஒரே படத்தை நம்பக்கூடாது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுப்போம். நேர் படத்தில் முழு எலும்பாகத் தெரிவது பக்கவாட்டில் இரண்டு துண்டாக இருக்கும்.

நேராக, வாசல் பக்கமிருந்து: சாத்திய கதவு. மூன்று இரும்புத் தகடும் ஒன்றன் பின் ஒன்றாக மறைத்துக்கொண்டு, உள்ளே யாரும் வராதே என்பது போல. உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடிக்கவில்லை.

பக்கவாட்டில், மருந்துக்கடை பக்கமிருந்து: வேறு ஒரு ஆள்! அந்தக் கதவு மெலிந்து, வளைந்து, பாரம் தாங்காமல் ஒரு காலை முன்னால் வைத்தது மாதிரி நிற்கிறது. மூன்று தகடும் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்திருப்பது அங்கிருந்துதான் தெரிகிறது. மேலே அந்தக் குழிவு இப்போது விழுமா அப்புறம் விழுமா என்று இருக்கிறது. ஒரு நொடி கையை நீட்டிப் பிடிக்கப் போனேன். மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டார், மானம் போயிற்று.

காலியாக இருந்த ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தும் பார்த்தேன். உட்கார்ந்து பார்த்தால் அது ரொம்ப உயரம். நோயாளிகள் அதைப் பார்த்து ஏன் பேசாமல் போகிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

இங்கே யாரும் சிலை என்று சொல்வதில்லை, கவலைப்படாதே. 'வளைஞ்சது' என்பார்கள். "வளைஞ்சதுக்கு லெஃப்ட்ல திரும்புனா ரத்தப் பரிசோதனை." துப்புரவு மேற்பார்வையாளர் அம்மா மட்டும் 'பெரிய கரண்டி' என்பார். நம் அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியவில்லை. அதனால் பகலெல்லாம் அதற்கு அடியில் இருக்கிற பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "நெழல் நல்லாருக்கு" என்றாள். "காலையில ஒரு பக்கம், சாயங்காலம் ஒரு பக்கம் விழுது, நானும் கூடவே நகந்து உக்காந்துக்கிறேன்."

இவ்வளவு பார்த்துவிட்டேன். இனிமேல் அதை ஷெட்டுக்குப் பின்னால் போட விட எனக்கு மனசில்லை. நீ என்ன சொல்கிறாய்?

அக்கா


ஆகஸ்ட் 19

அக்கா,

அம்மா அடியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியாது. அந்த பெஞ்சு வேண்டாம் என்று அப்போது நான் சண்டை போட்டேன். இருக்கட்டும்.

மருந்துக்கடை பக்கமிருந்து பார்க்கிற வரைக்கும் நீ போவாய் என்று நான் நினைக்கவில்லை. வாசலைப் பார்த்து நிறுத்த நான் சொன்ன பக்கம் அதுதான். கொண்டுவந்து நிறுத்தியவர்கள் திருப்பி நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். பந்தல் போட்டாகிவிட்டது, விட்டுவிட்டேன்.

இன்னொரு பக்கம் பாக்கி வைத்திருக்கிறாய். பின்பக்கம், மாடிப்படிக்கு அடியில் போய், கீழ்த்தகடும் நடுத்தகடும் சேரும் இடத்தில் கை வைத்துப் பார். வெல்டிங் தழும்பை அங்கே மட்டும் தேய்க்காமல் விட்டிருக்கிறேன். மற்ற இடமெல்லாம் வழுவழுப்பாக்கி, அங்கே மட்டும் ஏன் விட்டாய் என்று கேட்காதே. அங்கே தேய்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. என் பட்டறைக் கூரை தாழ்வு. அதை நிறுத்தி வைக்க இடமில்லை. முழுக்க முழுக்கப் படுக்க வைத்துத்தான் செய்தேன். படுத்திருக்கும்போது அந்தக் குழிவு பக்கச் சுவர் மாதிரி நின்றுகொண்டிருந்தது. காது மாதிரி. அதில் எதுவும் தேங்க வழியே இல்லை. முதல்முதலாக அது எழுந்து நின்றதே உங்கள் முற்றத்தில்தான், நல்ல வெயில் காலத்தில். அதற்கு ஒரு வாய் உண்டு, அது வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் ஒரு சிரட்டையைக்கூட மல்லாக்க வைக்கவிடாத மனுஷனின் பிள்ளைக்குத் தோன்றவில்லை.

அவருக்கு ஒரே பார்வையில் தோன்றியது. அதுதான் எரிகிறது. இப்போது நான் வந்து துளை போட்டால் என்ன அர்த்தம்? அத்தனை பேர் முன்னால் கேட்ட கேள்விக்கு, "ஆமாம்ப்பா, நிக்கும்ப்பா" என்று ஏணி ஏறி பதில் சொன்னது மாதிரி. என்னால் முடியாது அக்கா. என்னை வற்புறுத்தாதே.

தம்பி


ஆகஸ்ட் 24

தம்பிக்கு,

தழும்பைத் தொட்டுப் பார்த்தேன். தேய்க்காமல் விட்டது நல்லது.

வற்புறுத்தவில்லை. நேற்று நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மதியம் சோற்றை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலோரமாக நின்று முதல்முறையாக மேலிருந்து பார்த்தேன். தம்பி, அங்கிருந்து இரும்பே தெரியவில்லை. கதவும் இல்லை, தோளும் இல்லை, காலும் இல்லை. வட்டமாகத் தண்ணீர், அதில் வானம். மேகம் ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் போகிறது. ஒரு காகம் வந்து குளித்தது, வானம் உடைந்து சேர்ந்தது. சோறு கையிலேயே காய்ந்துவிட்டது.

அப்பாவுக்கு அடுத்த கட்டிலில் ஒரு தையல்காரர், காலைத் தூக்கிக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். தலைமாட்டில் கைக்கண்ணாடி ஒன்றை ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "எழுந்து பாக்க முடியாதுல்ல, இதுல பாத்துக்குறேன். சூரியன் அந்தத் தண்ணியில எறங்குச்சுன்னா அடுத்து சாப்பாடு வரும்" என்றார். மேகத்தைப் பார்த்துப் பார்த்து அந்த வார்டே பந்தயம் கட்டுகிறதாம், அடுத்தது எந்தப் பக்கம் வரும் என்று.

அதற்குள் அப்பா விழித்துவிட்டார். நான் ஜன்னலில் நிற்பதைப் பார்த்துவிட்டு முதல் பேச்சே இதுதான்: "ஒரே ஷீட்ல அடிச்சிருக்கான். பாத்தியா?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "ஜாயின்ட் இருந்தா ஒரு சொட்டாவது கசியும். நான் எத்தன தொட்டி பாத்திருப்பேன், எத்தன டிரம் பாத்திருப்பேன். மழ விட்டு நாள் ஆச்சு, வெயில்ல வத்துறதத் தவிர ஒரு சொட்டு எறங்கல. சுத்தமான வேலை."

வார்டு பாயிடம் சொல்லி, தினமும் ஒரு மாடி ஜன்னலுக்குத் தன்னைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்கிறாராம். இரண்டாம் மாடியில் விளிம்பு மட்டும் தெரியும், முதல் மாடியில் அடிப்பக்கம் தெரியும், எங்கே எவ்வளவு ஆழம் என்று கணக்குப் பண்ணிக்கொண்டிருக்கிறார். அந்தப் பையன் என்னிடம் வந்து, "சாருக்கு அந்த வளைஞ்சது மேல என்ன பாசம்?" என்று கேட்டான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்ளோ நல்லா இருக்குன்னு தெரியுதில்ல, அப்புறம் எதுக்குப்பா புகார் குடுத்தீங்க?" என்று சத்தமாகவே கேட்டேன். அவர் என்னை ஒரு அசட்டைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"கொசுவுக்கு அது யாரு புள்ள செஞ்சதுன்னு தெரியுமா?"

தையல்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன், எழுதி அனுமதி கேட்க நேரமில்லை.

திறப்பு நாளில் அத்தனை பேரும் அதன் முகத்தைப் பார்த்துக் கைதட்டினோம். அண்ணாந்து உச்சியைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவருக்குத் தெரிந்த பார்வை அது ஒன்றுதான், அதை வைத்துப் பார்த்தார். நீ அவரை ஒரே படத்தில் எடுத்து வைத்துக்கொண்டு எலும்பு முறிந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். பக்கவாட்டில் ஒன்று எடு.

அக்கா


செப்டம்பர் 1

அக்கா,

உன் தொழில் புத்தியை என்னிடம் காட்டாதே. படித்தவுடன் எரிச்சல்தான் வந்தது. கடிதத்தை ஆணியில் குத்தித் தொங்கவிட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். வேலை ஓடவில்லை.

'சுத்தமான வேலை' என்று அவரே சொன்னாரா, இல்லை நீ சேர்த்துக்கொண்டாயா? நீ சேர்க்கிறவள்தான். ஆனால் 'ஜாயின்ட் இருந்தா கசியும்' என்பது நீ சேர்க்கிற வார்த்தை இல்லை. ஓவியக் கல்லூரி முதல்வர் அன்றைக்கு நீளமாகப் பேசினார், வெறுமை, எழுச்சி என்று. அது ஒரே தகடு என்று அவருக்குத் தெரியாது. இதுவரை யாரும் அதை என்னிடம் சொன்னதில்லை.

மேலிருந்து எப்படி இருக்கும் என்று என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. நான் செய்ததை நானே பார்த்ததில்லை என்றால் கேவலமாக இருக்கிறது. தகரத்தில் சின்னதாக ஒன்று வெட்டி, வளைத்து, பட்டறை வாசலில் நிறுத்தினேன். மேல் குழிவில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். ஏணி போட்டுக் கூரை மேல் ஏறிக் கீழே பார்த்தேன். எதிர் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நீ சொன்னது சரி. இரும்பு போய்விடுகிறது.

ரொம்ப நேரம் கூரை மேலேயே உட்கார்ந்திருந்தேன். நான் இத்தனை காலமும் பக்கத்தில் நின்றும், அடியில் படுத்தும்தான் செய்திருக்கிறேன். எழுந்து நடக்க முடியாதவர்கள் மேலே இருக்கிறார்கள், அவர்கள் கண்ணுக்குத்தான் அது முழுசாக விழும் என்று நினைத்ததில்லை. ஆஸ்பத்திரிக்கென்று செய்துகொண்டே நினைத்ததில்லை.

இப்போது துளை போடக்கூடாது என்பதற்கு வேறு காரணம் வந்துவிட்டது. துளை போட்டால் தண்ணீர் நிற்காது. தையல்காரருக்கு வானம் போய்விடும். துளை போடாவிட்டால் கொசு. அதே வார்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வரும். இந்த முறை ரோஷம் இல்லை அக்கா, நிஜமாகவே வழி தெரியவில்லை.

அவரிடம் ஒன்று கேட்டுச் சொல். நான் கேட்டேன் என்றே சொல்லலாம். தண்ணீர் எத்தனை நாள் வரைக்கும் நிற்கலாம்?

தம்பி


செப்டம்பர் 7

தம்பிக்கு,

நீ கேட்டாய் என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். "அவனா கேட்டான்?" என்றார். "ஆமாப்பா." "எத்தன நாள்னு கேட்டானா?" "ஆமாப்பா." அதற்கப்புறம் ஆரம்பித்தார் பார், நர்ஸ் வந்து மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை, பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தும் நிற்கவில்லை. கொசு எங்கே முட்டையிடும், எப்போது புழுவாகும், எப்போது இறக்கை முளைக்கும் எல்லாம் சொன்னார். வார்டு முழுக்க உட்கார்ந்து கேட்டது. சாராம்சத்தை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன், அப்படியே எழுதச் சொன்னார்:

"முட்ட கொசுவாகி பறக்க ஒரு வாரம்னு வெச்சுக்க. அதுக்குள்ள ஒருவாட்டி ஒட்ட காயவெச்சுட்டா போதும். சும்மா தண்ணிய கொட்டினா பத்தாது, முட்ட ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கும், பிரஷ் போட்டுத் தேய்க்கணும். எங்க டிபார்ட்மென்ட்ல வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம. தொள போடச் சொல்லு, தொளைக்கு ஒரு மூடியும் போடச் சொல்லு. மூடினா நிக்கும், தெறந்தா வடியும். இதுக்குப் போய் ஏன் ரெண்டு வருஷம்?"

கடைசிக் கேள்வி எனக்கா உனக்கா என்று தெரியவில்லை. எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

நிர்வாக அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் பயந்தவர். "மூடி போடுவீங்க, சரி. ஒவ்வொரு வாரமும் அந்த ஒயரத்துல ஏறித் தேய்க்கிறது யாரு? எங்க ஆளு வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது? பொறுப்பா ஒருத்தர் எழுதிக் குடுக்கட்டும், இல்லன்னா பதினஞ்சாம் தேதி திங்கக்கிழம கிரேன் வரும், சொல்லியாச்சு" என்றார். இங்கே யாரும் எழுதிக் கொடுக்க முன்வரவில்லை. எனக்கு உயரம் என்றால் தலை சுற்றும், உனக்குத் தெரியும்.

அப்பா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். பிசியோதெரபி பெண் அவரை நடுமுற்றத்தில் வளைஞ்சதைச் சுற்றி நடக்க வைக்கிறாள். அவர் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம். நான்கு எட்டு வைப்பார், நின்று பார்ப்பார். வாசல் பக்கம் வந்தபோது, அதுதான் அந்தச் சாத்திய கதவுப் பக்கம், சொன்னார்: "சின்னதுல கோவிச்சுக்கிட்டு சொவத்தப் பாத்து நிப்பானே, அந்த மாதிரி இருக்கு." அப்புறம் மருந்துக்கடை பக்கம் வந்து வெகுநேரம் நின்றார். பிசியோ பெண், "போலாமா சார்?" என்றாள். "இரும்மா" என்றார்.

நான் பதிமூன்றாம் தேதி புது மெஷின் பயிற்சிக்கு வெளியூர் போகிறேன், பதினாறாம் தேதிதான் திரும்புவேன். கிரேன் வரும்போது நான்கூட இருக்க மாட்டேன். ராத்திரி எழுந்து எழுந்து காலண்டரைப் பார்க்கிறேன். ஒரு இரும்புக்காக இப்படி ஆவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

வருவாயா மாட்டாயா என்று கேட்கவில்லை. தேதியை மட்டும் சொல்லிவிட்டேன்.

அக்கா


செப்டம்பர் 14, ஞாயிறு

அக்கா,

இதை உன் எக்ஸ்ரே அறையில், உன் மேசையில், உன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்குப் பதிலாக இருக்கிற பையன் ஒரு தாளும் பேனாவும் கொடுத்தான். சாயங்கால ரயிலுக்குப் போக வேண்டும். திரும்பி வந்ததும் நீ முதலில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாய். இருக்கிறது. பயப்படாதே.

காலையில் டிரில் மெஷின் பையோடு வந்து இறங்கினேன். நேரே அவரைப் பார்க்கப் போகத் தைரியம் இல்லை. முற்றத்தில் ஏணி போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வாக்கர் சத்தம். டக், டக். திரும்பவில்லை. பக்கத்தில் வந்து நின்றது.

"ஏணி கால் ஈரத்துல இருக்கு. தள்ளிப் போடு."

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் பேசின முதல் பேச்சு இதுதான். தள்ளிப் போட்டேன்.

மேலே ஏறியதும் எங்கே துளை போடுவது என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. நடுவில் என்று குறி வைத்தேன். "நடுவுல இல்ல. எது தாழ்வோ அங்க. இருக்கிற தண்ணிய மொண்டு வெளிய ஊத்து, கடேசிச் சொட்டு எங்க போய் நிக்குதுன்னு பாரு" என்று கீழேயிருந்து குரல். மொண்டு ஊற்றினேன். கடைசித் தண்ணீர் நான் குறி வைத்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, மருந்துக்கடை பக்கமாகப் போய் நின்றது. அது அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று செய்த எனக்கே நினைவில்லை.

உண்மையில் புழு இருந்தது அக்கா. நெளிந்துகொண்டு. அவரிடம் சொன்னேன். "இருக்கும்" என்றார். பெருமையாகக்கூடச் சொல்லவில்லை.

டிரில் தகட்டில் ஒரு மயிரிழை இறங்கியது. கையை எடுத்துவிட்டேன். அவர் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவா. ஒண்ணும் ஆவாது. நீ அடிச்ச தகடு, தாங்கும்" என்றார். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் மேலேயே நின்றுகொண்டேன், கண்ணில் இரும்புத்தூள் விழுந்துவிட்டது என்று சொல்லி. அவர் நம்பியிருக்க மாட்டார். அம்மா பெஞ்சிலிருந்து முந்தானையை நீட்டினாள்.

பித்தளையில் திருகு மரை போட்ட மூடி ஒன்று கடைந்து கொண்டுவந்திருந்தேன். துளையை அதால் அடைத்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். நின்றது. திறந்தேன். வடிந்தது, நேராக அவர் செருப்பு மேல். நகரச் சொன்னேன், நகரவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் அங்கேயே நின்று பார்த்தார்.

அதற்குள் நிர்வாக அதிகாரி வந்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல். பொறுப்பு எழுதிக் கொடுப்பது யார் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "நான் எழுதித் தரேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம நான் வந்து பாத்துக்குறேன்" என்றார். அதிகாரி வாக்கரைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். "நீங்க எப்படி சார் ஏறுவீங்க?"

"ஏற ஆள் இருக்கான்" என்றார் அப்பா. என்னைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அப்புறம் லிஃப்டில் மூன்றாம் மாடிக்குப் போனோம். ஜன்னலில் இரண்டு பேரும் நின்றோம். குழிவு காலியாக, காய்ந்து, சாம்பல் நிறமாகக் கிடந்தது. சுத்தியல் தடம் ஒவ்வொன்றும் தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. அவர் ஒரு தடத்தைக் காட்டி, "இங்க கை தவறிடுச்சோ?" என்றார். ஆமாம் என்றேன். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

தையல்காரர் கைக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன சார், வானத்தக் காணோம்?" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"மழ வரும். வரலன்னா நாங்க ஊத்துவோம்" என்றார் அப்பா.

திரும்பவும் முற்றத்துக்குப் போய், ஏணியில் ஏறி மூடியைப் போட்டு, ஊத்திவிட்டுத்தான் இறங்கினேன். நீ வரும்போது நிறைந்திருக்கும். வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஏணியை ஷெட்டில் வைத்துப் பூட்டிவிடப் போகிறார்கள், சாவியை வாங்கி வை.

தகரம்